வாசல் பட்டனுக்கு ஒரு பொட்டு

கரும்பு குத்துதா தம்பி? குத்தினா சொல்லுங்க, இந்தப் பக்கம் திருப்பிக்கறேன். தோகையை வெட்டிட்டு ஏத்துங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. நான் விடல. தோகையோட போனாதான் அது பொங்கச் சீரு. தோகை இல்லாம போனா ஜூஸ் கடைக்குப் போற கரும்பு. பொண்ணு வீட்டுக்கு முதப் பொங்கல் சீரு கொண்டு போறேன், திருச்சிக்கு. இந்தப் பையில வெங்கலப் பானை, மஞ்சக் கொத்து, வெல்லம். அந்தச் சின்னப் பையை மட்டும் காலால தள்ளிடாதீங்க, அது விசேஷமானது. அப்புறம் சொல்றேன்.

பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னீங்கல்ல? அப்ப உங்ககிட்ட கேக்கறதுதான் சரி. ரொம்ப நாளா யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வெக்கறாங்களே, விர்ச்சுவல் மெஷின்னு, அதுல மவுஸ் உள்ள போயி மாட்டிக்கிட்டு வெளிய வராம அடம் பிடிக்குமா? அதுவும் வெள்ளிக்கெழமை முடிஞ்ச மறுநாளு மறுநாளு? சிரிக்காதீங்க. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பேரு வைத்திலிங்கம். மாயவரம் மணிக்கூண்டுப் பக்கம் பாத்திரக்கடை மாடியில சுபலக்னம் திருமணத் தகவல் மையம்னு போர்டு பாத்திருப்பீங்க. அது நான்தான். எத்தனையோ கல்யாணம் முடிச்சு வெச்சிருக்கேன். ஆணும் பொண்ணும் ஒரு ரூம்ல உக்காந்தா, ஒத்து வருமா வராதான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். என் கண்ணுக்குத் தப்பாது. ஆனா வாயால சொல்ல மாட்டேன். ஜாதகம் பேசணும். எங்கிட்ட ஒரு ஜாதக சாப்ட்வேர் இருக்கு, அது சொன்னாதான் சொல்லு. அந்தக் காலத்துல வாங்கினது, பழைய விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அதைச் செஞ்சவரே போய்ச் சேந்துட்டாரு.

எனக்கு ஒரே பொண்ணு, தையல்நாயகி. வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பேரு. அதோட அம்மா அது பள்ளிக்கூடம் போறப்பவே போயிட்டா. நாயகிதான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கும். நல்ல பொண்ணு தம்பி, படிச்ச பொண்ணு, குரல் உசத்திப் பேசாது. ஆயில்ய நட்சத்திரம். அங்கதான் வந்தது வினை. ஆயில்யம்னா மாமியாருக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அதைக் கேட்டதும் வந்தவங்க காபியப் பாதியில வெச்சுட்டுப் போயிடுவாங்க. மறைச்சுச் சொல்ல எனக்கு வராது. ஊருக்கே பொருத்தம் பாக்கறவன், சொந்தப் பொண்ணுக்கு நட்சத்திரத்தை மாத்திச் சொன்னா விளங்குமா? இப்படியே முப்பது தாண்டிருச்சு. கல்யாண வீட்டுல என்னை முன்வரிசையில உக்கார வெப்பாங்க, சந்தனம் குடுப்பாங்க. பின்னாடியே ஒருத்தர் கேப்பாரு, 'பொண்ணுக்கு எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போறீங்க?' சோறு எறங்காது தம்பி. வீட்டுக்கு வந்தா, 'சாப்பாடு நல்லா இருந்துச்சாப்பா?'ன்னு நாயகி கேக்கும். இருந்துச்சும்மான்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்குவேன்.

சரி, மவுஸுக்கு வரேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பழைய கம்ப்யூட்டர் உசிரை விட்டுருச்சு. புதுசுல ஜாதக சாப்ட்வேர் ஏற மாட்டேங்குது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் வெச்சிருந்த பையன் ஒருத்தனைக் கூட்டியாந்தேன், குமரகுருன்னு பேரு. அவன் பாத்துட்டு, 'சார், பழைய கம்ப்யூட்டரை அப்படியே புதுசுக்குள்ள ஒரு ஜன்னல் மாதிரி வெச்சுடலாம்'னான். எனக்கு நம்பிக்கையே இல்ல. சாயங்காலம் பாத்தா, புது கம்ப்யூட்டர் நடுவுல என் பழைய கம்ப்யூட்டர் ஒக்காந்திருக்கு. அதே பச்சைப் புல்வெளி, அதே ஜாதகக் கட்டம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அப்ப அவன் ஒண்ணு சொன்னான். 'சார், உள்ள இருக்கறது ரொம்பப் பழசு. தனக்கு வெளிய ஒரு கம்ப்யூட்டர் இருக்குன்னே அதுக்குத் தெரியாது. அதனால மவுஸ் உள்ள போச்சுன்னா தானா விடாது. கீபோர்டுல வலது ஓரத்துல ஒரு கன்ட்ரோல் பட்டன் இருக்கு பாருங்க, அதை ஒரு தட்டுத் தட்டினா வெளிய விட்டுடும். பிரின்டர் வெளியதான் இருக்கு. பொருத்தத்தை உள்ள போடுங்க, அந்தப் பட்டனைத் தட்டுங்க, வெளிய வந்து பிரின்ட் எடுங்க.'

எனக்கு அது பட்டுனு புரிஞ்சுடுச்சு. உள்ளயிருந்து வெளிய வர்ற எடம். அப்ப அது என்ன? வாசப்படி. சரிதானே தம்பி?

ஆயுத பூஜை வந்துச்சு. பிரின்டருக்குப் பொட்டு, ஸ்டாப்ளருக்குப் பொட்டு, டேபிள் ஃபேனுக்குப் பொட்டு. கம்ப்யூட்டருக்கு எங்க வெக்கறது? வீட்டுல மொத மொத எங்க வெப்போம், வாசப்படியிலதானே? வலது ஓரத்துப் பட்டனுக்கு வெச்சேன். நம்ம கை தாராளக் கை. சந்தன வில்லையைத் தண்ணியில நல்லாக் கொழைச்சு, பட்டனைச் சுத்தி நாலு பக்கமும் எறங்குற மாதிரி சந்தனம், நடுவுல குங்குமம். பாக்கவே லட்சணமா இருந்துச்சு. அன்னியிலேருந்து வெள்ளிக்கெழமை தவறாம வெக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நாயகி பொருத்தம் போட உள்ள போச்சு. 'அப்பா, மவுஸ் வெளிய வரல'ன்னு சொல்லிச்சு. நான் வந்து அந்தப் பட்டனைத் தட்டறேன், தட்டறேன், கல்லாட்டம் நிக்குது. மத்ததெல்லாம் சரியா இருக்கு தம்பி, அதுதான் ஆச்சரியம். எழுத்து விழுது, நம்பர் விழுது, மவுஸும் உள்ள நல்லாத்தான் ஓடுது. வெளிய மட்டும் வராது. ஆஃப் பண்ணிப் போட்டா வெளிய இருக்கும், போட்ட பொருத்தம் போயிடும். திரும்ப உள்ள போனா திரும்ப மாட்டிக்கும்.

குமரகுருவுக்குப் போன் பண்ணேன். வந்தான். கீபோர்டை ஒரு பார்வை பாத்தான், நாயகியை ஒரு பார்வை பாத்தான். 'சார், இது கரண்ட் பிரச்சனையா இருக்கலாம். நீங்க கீழ போயி மெயின் சுவிட்சுக்கிட்ட நில்லுங்க. நான் குரல் குடுக்கறப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். பொறுப்பான ஆளு நிக்கணும் சார், அதான் உங்களைச் சொல்றேன்'னான். நானும் போயி நின்னேன். பாத்திரக்கடைக்காரரு, 'என்ன சார் இங்க நிக்கறீங்க?'ன்னாரு. 'கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன்'னேன். மேல நாயகி சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அது சத்தமாச் சிரிச்சு நான் கேட்டு வருஷக் கணக்காச்சு. 'என்னம்மா?'ன்னு கீழேருந்து கத்தினேன். 'ஒண்ணுமில்லப்பா, மவுஸ் வெளிய வந்துடுச்சு'ன்னு சொல்லிச்சு. மவுஸ் வெளிய வந்ததுக்கு இவ்ளோ சந்தோஷமான்னு நெனச்சுக்கிட்டேன். வேலையில அவ்ளோ அக்கறை அதுக்கு.

அடுத்த வெள்ளிக்கெழமை பூஜை போட்டேன். சனிக்கெழமை மாட்டிக்கிச்சு. அதுக்கடுத்த வாரமும் அப்படியே. நீங்க என்ன நெனக்கறீங்க? நான் நெனச்சேன், வெள்ளிக்கெழமை சாயங்காலம் வோல்ட்டேஜ் ஏறி எறங்குது, ஊரே பூஜைக்கு லைட்டைப் போடுது, அதான்னு. குமரகுருகிட்ட சொன்னேன். 'கரெக்டா கண்டுபுடிச்சிட்டீங்க சார்'னு சொல்லிட்டான். பெரிய மனுஷன் சொன்னா ஒத்துக்கற பையன். என்னை மறுபடி கீழ அனுப்பிட்டான்.

அவன்... அவருன்னு சொல்லணும். இப்ப மாப்பிள்ளை ஆச்சே. பழைய வாய் அப்பப்ப வந்துடுது, நீங்க கண்டுக்காதீங்க.

பையன் முயற்சி பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். மவுஸை மாத்திப் பாத்தான். புது கீபோர்டே கொண்டு வந்து மாட்டினான். புதுப் பொருளாச்சே, நான் உடனே பொட்டு வெச்சேன், கூடக் கொஞ்சம் தாராளமாவே. மறுநாளே மாட்டிக்கிச்சு. 'பாத்தியா, கீபோர்டுல கோளாறு இல்ல, உள்ள இருக்கறதுலதான்'னு நானே கண்டுபுடிச்சுச் சொன்னேன். அவன் தலைய ஆட்டிக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டான். இருமல் போல.

அந்தப் பட்டனை விட்டுட்டு வேற பட்டனுக்கு மாத்தியிருக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? நானும் கேட்டேன் தம்பி. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னாரு, அது ரெண்டு நிமிஷ வேலைன்னு. குமரகுருகிட்ட கேட்டா, 'அது இந்த மாடல்ல முடியாது சார்'னுட்டான். நாயகியும், 'ஆமாப்பா, முடியாது'ன்னு சொல்லிச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க. அப்ப முடியாதுதான். ஏன் தம்பி, முடியுமா? சரி விடுங்க, உங்க ஊரு மாடல் வேறயா இருக்கும்.

இன்னொண்ணு. பையனுக்கு ஒரு உடம்புக் கோளாறு இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். அவன் வந்துட்டுப் போனா குப்பைத்தொட்டியில காது குடையற பஞ்சுக் குச்சி கெடக்கும், நுனியில மஞ்ச மஞ்சளா. சீழ்னு நெனச்சேன். பாவம், சின்ன வயசுல காது இப்படியான்னு இருந்துச்சு. காது டாக்டர் விலாசம் எழுதிக் குடுத்தேன். வாங்கி பத்திரமாப் பையில வெச்சுக்கிட்டு, 'போயிப் பாக்கறேன் சார்'னான். நாயகி எழுந்து பின்னாடி போயிடுச்சு. இரக்க சுபாவம், தாங்காது.

மார்கழி வந்துச்சு. மார்கழியில நான் தெனமும் பூஜை பண்ணுவேன். அந்த மாசம் பூரா தெனமும் ரிப்பேர். தெனமும் பையன் வந்தான். காசும் கேக்க மாட்டான். வேலை முடியலையேன்னு கூச்சம் போல. தெனமும் நான் மெயின் சுவிட்சுக்கிட்ட. எனக்கு அங்க ஒரு ஸ்டூலே போட்டுக் குடுத்துட்டாரு பாத்திரக்கடைக்காரரு. ஒருநாளு நான் அலுத்துப் போயி, 'வேற நல்ல ஆளாப் பாக்கலாமாம்மா?'ன்னு கேட்டேன். நாயகி சாதமே போடல தம்பி. கரண்டியைக் கையில புடிச்சிக்கிட்டு நின்னுடுச்சு. 'இந்தப் பிரச்சனை அவருக்குத்தான்ப்பா தெரியும். வேற யாரும் வேணாம்'னு சொல்லிச்சு. குரல் கொஞ்சம் உசந்துச்சு. நானும் சரின்னுட்டேன்.

தை பொறந்துச்சு. ஒரு புதன்கெழமை காலையில குமரகுருவோட அம்மா செண்பகம் வந்தாங்க, தட்டுல வெத்தலை பாக்கோட. பையனும் பின்னாடி நிக்கறான், இஸ்திரி போட்ட சட்டை. எனக்கு ஒண்ணும் புரியல. பையனுக்குப் பொண்ணு பாக்கப் பதிவு பண்ண வந்திருக்காங்கன்னு நெனச்சு ஃபாரத்தை எடுத்தேன். அந்தம்மா, 'ஃபாரம் வேணாங்க. உங்க பொண்ணைக் குடுங்க'ன்னாங்க.

மொதல்ல நான் என்ன சொல்லணுமோ அதைச் சொன்னேன். 'அம்மா, ஆயில்யம். உங்களுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க.' அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஆகாதுன்னா எனக்குத்தானே ஆகாது? அதை நான் பாத்துக்கறேன். நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க?' தம்பி, எத்தனையோ மாமியாருங்களைப் பாத்தவன் நான். இப்படி ஒரு வார்த்தை யார் வாயிலேருந்தும் வந்ததில்ல. நாயகி ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுச்சு. தோளு குலுங்குச்சு.

ஆனாலும் தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. பொருத்தம் பாக்காம நான் யாருக்கும் முடிச்சதில்ல. சொந்தப் பொண்ணுக்கு மட்டும் சட்டத்தை மாத்த முடியுமா? 'பையன் ஜாதகத்தைக் குடுங்க. பத்துல எட்டுக்குக் கொறைஞ்சா என் வாயால சம்மதம் வராது. யாரும் மனசு வருத்தப்படக் கூடாது'ன்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டதும் பையன் மூஞ்சி சுண்டிப் போச்சு. நாயகி என்னையே பாத்துச்சு. அந்தப் பார்வை அதோட அம்மா பார்வை, அப்படியே. இருந்தாலும் சொன்ன சொல்லு சொன்னதுதான். நாயகி மெதுவா, 'நீங்க அவங்களுக்குக் காபி வாங்கிட்டு வாங்கப்பா, நான் ஜாதகத்தை ஏத்தறேன்'னு சொல்லிச்சு. கீழ எறங்கிப் போனேன்.

என் வழக்கம் ஒண்ணு சொல்லணும். பொருத்தத்தை நான் ஸ்கிரீன்ல பாக்க மாட்டேன். கண்ணும் தெரியாது, முறையும் இல்ல. ரோஸ் காயிதத்துல பிரின்ட் எடுத்து, மடிச்சு, பிள்ளையார் காலடியில ஒரு நிமிஷம் வெச்சு, அப்புறம்தான் பிரிப்பேன்.

காபியோட வந்தேன். நாயகி ஸ்கிரீனை மறைச்சு நின்னுக்கிட்டு, 'பொருத்தம் போட்டாச்சுப்பா. ஆனா மவுஸ் வெளிய வரல'ன்னு சொல்லிச்சு. புதன்கெழமை தம்பி, வெள்ளிக்கெழமை இல்ல. மார்கழியும் முடிஞ்சு போச்சு. அன்னிக்கு நான் பூஜையே பண்ணல, ஆளு வந்த அவசரத்துல. ஆனா கீபோர்டைப் பாத்தா, வலது ஓரத்துல சந்தனம், ஈரம்கூடக் காயல. நாயகி விரல்லயும் சந்தனம். எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. நான் மறந்தாலும் என் பொண்ணு மறக்கல பாருங்க. அவ்ளோ பதட்டத்துலயும் வாசப்படிக்குப் பொட்டு வெக்கணும்னு தோணியிருக்கு அதுக்கு.

குமரகுருவை, 'பாரு தம்பி'ன்னேன். பட்டனைத் தட்டிப் பாத்தான். 'சார், இன்னிக்கு இது ஆகற மாதிரி தெரியல'ன்னான். ஆஃப் பண்ணிப் போடலாம்னா போட்ட பொருத்தம் போயிடும். திரும்பப் போட்டாலும் திரும்ப மாட்டிக்கும். பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பொறக்குது. செண்பகம் அம்மா கடிகாரத்தைப் பாக்கறாங்க. வெத்தலை வாடுது.

நான் பிள்ளையாரைப் பாத்தேன். அப்பத்தான் எனக்குப் பட்டுது. இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் காயிதம் அவர் காலடியில வெச்சிருக்கேன். இந்த ஒண்ணு மட்டும் வர மாட்டேங்குதுன்னா, பாக்காதடான்னு அவரே சொல்றாரு. பாத்தா நீ வேணாம்பே, அதனால பாக்காதேங்கறாரு. தட்டை வாங்கிட்டேன் தம்பி. நாயகி கீழ விழுந்து கும்பிட்டுச்சு. எந்திரிக்கறப்ப என் கால் ரெண்டுலயும் சந்தனம்.

அந்தப் பொருத்தம் என்ன ஆச்சா? உள்ளயே போயிடுச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாளு நாயகியே கேட்டுச்சு, 'திரும்பப் போட்டு எடுத்துத் தரட்டுமாப்பா?'ன்னு. உள்ளயே இருக்கட்டும்மான்னு சொல்லிட்டேன்.

ஆவணியில கல்யாணம். கல்யாணத்துல நான்தான் வாசல்ல நின்னு எல்லாருக்கும் சந்தனம் குடுத்தேன். எப்ப போடப் போறீங்கன்னு கேட்டாரே, அவரைத் தேடிப் புடிச்சு ரெண்டு தடவை குடுத்தேன். மாப்பிள்ளை திருச்சியில பெருசா கடை போட்டுட்டாரு. போறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பித்தளைத் தட்டு வாங்கி கம்ப்யூட்டர் முன்னாடி வெச்சு, 'மாமா, இனிமே பொட்டை இந்தத் தட்டுலயே வைங்க. அதுதான் கம்ப்யூட்டருக்கு உகந்த முறை'ன்னாரு. அவர் சொன்னா சரிதானே. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட மவுஸ் மாட்டல தம்பி. ராசியான தட்டு.

ஏன் தம்பி இப்படிச் சிரிக்கறீங்க? கண்ணத் தொடைச்சுக்கங்க. தண்ணி வேணுமா? நாயகியும் இப்படித்தான், நான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடும்.

எனக்குச் சந்தோஷத்துக்குக் கொறைவே இல்ல. மாமியாரும் மருமகளும் ஒரே தட்டுல சாப்புடறாங்களாம், ஆயில்யம் என்ன பண்ணிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல கெடந்து உறுத்துது, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனா தொழில் தெரியல. மாசக் கணக்கா வந்தும் ஒரு மவுஸைச் சரி பண்ண முடியலையே அவரால? இந்தத் தெறமையை வெச்சுக்கிட்டு திருச்சி மாதிரி பெரிய ஊர்ல எப்படிக் கடை நடத்துவாரு? கடையில முப்பது நாப்பது கம்ப்யூட்டர் இருக்காம், எல்லாம் அடுத்தவங்க ரிப்பேருக்குக் குடுத்தது.

அதான், அந்தச் சின்னப் பையை ஒதைக்காதீங்கன்னு சொன்னேன்ல. அதுல சந்தன வில்லை இருக்கு, முழுப் பெட்டி. தட்டு முறையெல்லாம் என் ஆபீஸுக்குச் சரி. தொழில் விருத்தியாகணும்னா நம்ம பழைய முறைதான். நாளைக்குப் பொங்கல், கடை பூட்டியிருக்கும், சாவி வீட்டுலதான் இருக்கும். அவங்க எந்திரிக்கறதுக்குள்ள போயி, ஒண்ணு விடாம எல்லாக் கம்ப்யூட்டருக்கும், எல்லாப் பட்டனுக்கும், என் கையால வெச்சுட்டு வந்துடலாம்னு இருக்கேன்.